குழந்தைப் பொறுப்பு, சந்திப்பு நேரம், ஜீவனாம்சம்: தீர்ப்புக்குப் பிறகு உத்தரவை மாற்றுவது எப்படி?

விவாகரத்துத் தீர்ப்பு வந்தபோது குழந்தைக்கு நான்கு வயது. இப்போது பதினொன்று. அன்றைக்கு மாதம் 4,000 ரூபாய் போதும் என்று எழுதினார்கள். இன்றைக்கு அது பள்ளி வேன் கட்டணத்துக்கும் டியூஷனுக்குமே காணாது. அன்றைக்கு அப்பா காரைக்குடியில் கடை வைத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பிள்ளையைப் பார்த்தார். இன்றைக்கு அவருக்குச் சென்னையில் வேலை, வாரம் தவறாமல் 400 கிலோமீட்டர் வந்து போக முடியவில்லை.

இப்படி நிலைமை மாறிவிட்ட குடும்பங்கள் நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. "தீர்ப்புதான் வந்துவிட்டதே, இனி என்ன செய்வது" என்று விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் பெரியவர்களை வைத்துப் பேசி, உத்தரவை வாய்மொழியாகவே மாற்றிக்கொள்வார்கள். இரண்டுமே பின்னால் குழந்தையைத்தான் பாதிக்கிறது. குழந்தை தொடர்பான உத்தரவு எதுவும் கல்வெட்டு அல்ல. நிலைமை மாறினால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதை மாற்றலாம். மாற்றுகிறவரை பழைய உத்தரவுப்படி நடக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

குழந்தைப் பொறுப்பு பற்றிய உத்தரவுகள் இறுக்கமானவை அல்ல, குழந்தையின் நலனுக்காகத் தேவைப்பட்டால் மாற்றக்கூடியவை என்பதை உச்ச நீதிமன்றம் 1973-இல் ரோஸி ஜேக்கப் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 2010-இல் விக்ரம் வீர் வோரா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கணவனும் மனைவியும் சம்மதித்து எழுதிக்கொண்ட ஏற்பாடு அது. பிறகு அம்மாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது, மகனையும் அழைத்துப் போக அனுமதி கேட்டார். சம்மதத்தின் பேரில் போடப்பட்ட உத்தரவாக இருந்தாலும் அதை மாற்றலாம் என்று சொல்லி, அனுமதியும் கொடுத்து, அப்பா மகனைச் சந்திப்பதற்கும் நீதிமன்றம் வழி செய்தது. "நீதான் கையெழுத்துப் போட்டாயே" என்று யாராவது உங்களை அடக்கப் பார்த்தால் இந்த வழக்கை நினைவில் வையுங்கள்.

மேல்முறையீடு வேறு, மாற்றக் கோருவது வேறு. நீதிபதி அன்றைக்குத் தவறாகத் தீர்ப்பு எழுதிவிட்டார் என்றால் அது மேல்முறையீடு. அதற்குக் கெடு உண்டு. குடும்ப நல நீதிமன்ற உத்தரவு என்றால் 30 நாட்கள் என்று வைத்துக்கொண்டு உடனே வக்கீலைப் பாருங்கள். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளைதான். அன்றைக்குத் தீர்ப்பு சரியாகவே இருந்தது, பிறகு நிலைமை மாறிவிட்டது என்றால்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும், உத்தரவை மாற்றக் கோரும் மனு.

முதல் வேலை: பழைய உத்தரவை எடுத்து வைத்து வாசியுங்கள்

பலரிடம் தீர்ப்பின் நகலே இருக்காது. வக்கீலிடம் இருக்கும், அல்லது வீடு மாறும்போது தொலைந்திருக்கும். வழக்கு எண்ணைத் தெரிந்துகொண்டு, அந்த நீதிமன்றத்திலேயே சான்று நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வந்ததும் முதல் பக்கத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த நீதிமன்றம், என்ன வழக்கு எண், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு. நீங்கள் போகவேண்டிய வழி அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

இந்து திருமணச் சட்டத்தில் நடந்த விவாகரத்து என்றால் குழந்தையின் பொறுப்பு, படிப்பு, பராமரிப்பு எல்லாம் பிரிவு 26. தீர்ப்புக்குப் பிறகும் மனுப் போட்டு உத்தரவை மாற்றலாம், நிறுத்தலாம், ரத்து செய்யலாம் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மனைவிக்கோ கணவனுக்கோ தந்த நிரந்தர ஜீவனாம்சம் என்றால் பிரிவு 25. அதன் இரண்டாம் உட்பிரிவு, சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ வழி செய்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்குக் குழந்தை தொடர்பான உத்தரவு பிரிவு 38. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். விவாகரத்தே இல்லாமல் குழந்தைக்காக மட்டும் நடந்த வழக்கு, அல்லது முஸ்லிம் குடும்பத்தின் வழக்கு என்றால் பெரும்பாலும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புநிலையர் சட்டம்.

மாதாந்திர ஜீவனாம்சம் மட்டும் கேட்டு வாங்கிய உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-இன் கீழ் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது: 125 இப்போது 144, தொகையை மாற்றும் 127 இப்போது 146. குடும்ப வன்முறைச் சட்டத்தில் குற்றவியல் நடுவர் போட்ட உத்தரவு என்றால், அந்தச் சட்டத்தின் பிரிவு 25-இல் மாற்றம் கேட்கலாம்.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம் உண்டு. ஒரே குடும்பத்தில் மூன்று நீதிமன்றத்தில் மூன்று உத்தரவு கிடப்பதை நிறையப் பார்க்கலாம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது. ஜீவனாம்ச உத்தரவை மாற்ற வேண்டுமென்றால், எந்த வழக்கில் அது போடப்பட்டதோ அந்த வழக்கிலேயே கேட்க வேண்டும். புதிதாக வேறு நீதிமன்றத்தில் இன்னொன்றைத் தொடங்கினால் பழையதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எந்த நீதிமன்றம்?

பிரிவு 26 அல்லது ஜீவனாம்ச மாற்றம் என்றால் பழைய நீதிமன்றம்தான், குழப்பமில்லை. ஆனால் காப்பாளர் சட்டத்தில் புதிதாக மனுப் போட வேண்டிய நிலை வந்தால் குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ, அந்த எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். செட்டிநாட்டில் இது கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், பொன்னமராவதி பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். கொண்டு கொடுத்தது பக்கத்து ஊராக இருந்தாலும் நீதிமன்றம் வேறு மாவட்டத்தில் இருக்கலாம்.

பூர்வீக வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பதும் கணக்கில் வராது. திருவிழாவுக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீட்டு முகவரியைப் போட்டு, சென்னையில் படிக்கும் குழந்தைக்கு இங்கே மனுப் போட்டால், எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே எல்லையைப் பற்றிக் கேள்வி எழுப்பும். குழந்தை எங்கே பள்ளிக்குப் போகிறது, எங்கே தூங்கி எழுகிறது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

என்ன மாறியிருக்கிறது? இதுதான் வழக்கின் உயிர்

நிலைமை மாறியிருக்கிறது என்று மட்டும் காட்டினால் போதாது. அந்த மாற்றம் குழந்தையின் நலனை எப்படித் தொடுகிறது என்றும் காட்ட வேண்டும். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956-இன் பிரிவு 13 குழந்தையின் நலனையே தலையாயதாக வைக்கிறது. அம்மாவின் உரிமை, அப்பாவின் உரிமை எல்லாம் அதற்குப் பின்னால்தான். மனுவின் ஒவ்வொரு பத்தியையும் எழுதி முடித்ததும் "இதனால் பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத பத்தியை எடுத்துவிடுங்கள்.

பொறுப்பை மாற்றக் கேட்கும்போது எடுபடும் காரணங்கள்: குழந்தையை வைத்திருப்பவருக்குத் தீராத நோய்; வீட்டில் குடி, அடி; பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவது; குழந்தையை ஆயா வீட்டிலோ அப்பத்தா வீட்டிலோ விட்டுவிட்டுப் பெற்றவர் வெளிநாட்டில் இருப்பது; மற்ற பெற்றோரைப் பார்க்கவே விடாமல் மனதைத் திருப்புவது; வளர்ந்த பிள்ளையே தெளிவாக விருப்பத்தைச் சொல்வது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று 1956 சட்டத்தின் பிரிவு 6 சொல்கிறது. ஐந்து வயது முடிந்த மறுநாளே குழந்தை தானாக அப்பாவிடம் வந்துவிடும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அப்படி நம்பி வருகிறவர்கள் அதிகம்.

அவ்வளவாக எடுபடாத காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர் மறுமணம் செய்துகொண்டார் என்பது மட்டும் பொறுப்பை மாற்றப் போதாது. புது வீட்டில் குழந்தை எப்படி நடத்தப்படுகிறது என்பதே கேள்வி. மறுமணத்தால் மனைவியின் ஜீவனாம்சம் மாறலாம். குழந்தைக்கு அப்பா தரவேண்டியது அதனால் நின்றுவிடாது. "எங்கள் வீடு பெரியது, எங்களுக்குச் சொத்து அதிகம்" என்பதும் தனியாக நிற்காது. நாற்பது அறை உள்ள வீட்டில் பிள்ளைக்குத் துணை யார் என்றுதான் நீதிபதி கேட்பார்.

தொகையைக் கூட்டக் கேட்டால் படிப்புச் செலவு, மருத்துவச் செலவு, விலைவாசி, தருகிறவரின் வருமான உயர்வு இவற்றைக் காட்டலாம். குறைக்கக் கேட்டால் வேலை போனது, வியாபாரம் படுத்தது, உடல்நலக் குறைவு ஆகியவற்றைக் காட்டலாம். வேண்டுமென்றே வேலையை விட்டுவிட்டு வருமானம் இல்லை என்று சொல்வதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

ஆதாரங்களைச் சேர்ப்பது

மனுப் போடுவதற்கு முன்பே சேர்க்கத் தொடங்குங்கள். பள்ளிக் கட்டண ரசீது, மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு, மருத்துவச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், முன்பு கட்டிய அல்லது கட்டாமல் விட்ட தொகையின் மாதவாரிக் கணக்கு இவை அடிப்படை. வாட்ஸ்ஆப் செய்திகளைத் தாக்கல் செய்யலாம். அவற்றோடு பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். செய்தி இருக்கும் கைபேசியை விற்றுவிடாமல் பத்திரமாக வையுங்கள்.

ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் அந்த 2020 தீர்ப்பில் வந்ததே. மாதச் சம்பளக்காரருக்கு இது எளிது. நம் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில்தான் சிக்கல். புதுவயல் பக்கம் அரிசி ஆலையில் பங்கு, அண்ணன் தம்பி பேரில் கடை, மதுரையில் வாடகை வருகிற கட்டடம், மலேசியாவிலிருந்து வரும் பணம் என்று வருமானம் பல வாய்க்காலாக ஓடும். தாளில் ஒன்றும் இருக்காது. வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, வில்லங்கச் சான்று, கூட்டு வியாபாரப் பத்திரம் இவற்றில் கிடைப்பதை எடுங்கள். கிடைக்காததைக் கொண்டுவந்து காட்டும்படி எதிர்த்தரப்புக்கு உத்தரவிடச் சொல்லி நீதிமன்றத்தையே கேட்கலாம். உங்கள் பக்கத்து வருமானத்தையும் மறைக்காதீர்கள். ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்றவற்றையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் வாசிப்பார்.

மனுவில் எப்படிக் கேட்பது

கீழமை நீதிமன்றத்தில் மனுவைத் தமிழிலேயே எழுதலாம். பழைய உத்தரவின் தேதி, எண், அதில் என்ன சொல்லப்பட்டது. அதன் பிறகு என்ன மாறியது, எப்போதிலிருந்து. அதனால் குழந்தைக்கு என்ன பாதிப்பு. இப்போது என்ன உத்தரவு வேண்டும். இந்த வரிசையில் போனால் போதும். பழைய சண்டைகளை, கல்யாணச் சீர் வரிசையில் தொடங்கி, மறுபடி எழுத வேண்டாம். அதெல்லாம் முதல் வழக்கில் முடிந்த கதை.

கடைசியில் உள்ள கோரிக்கையில்தான் பெரும்பாலான மனுக்கள் கோட்டை விடுகின்றன. "குழந்தையைப் பார்க்கத் தக்க வாய்ப்பு அளிக்க வேண்டும்" என்று எழுதினால், அந்தத் "தக்க" என்பதில்தான் அடுத்த ஐந்து வருடச் சண்டை இருக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஒவ்வொரு மாதமும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தகப்பனார் குழந்தையைத் தாயாரின் வீட்டிலிருந்து அழைத்துச் சென்று, ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே இடத்தில் திரும்ப ஒப்படைக்க வேண்டும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் முதல் பாதி தாயாரிடமும் பின் பாதி தகப்பனாரிடமும், முழு ஆண்டு விடுமுறையில் தொடர்ந்து 20 நாட்கள் தகப்பனாரிடமும் குழந்தை இருக்கும். செவ்வாய், வெள்ளி மாலை 7 முதல் 7.30 வரை காணொளி அழைப்பில் பேசலாம்."

காணொளி அழைப்பை விட்டுவிடாதீர்கள். 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் குழந்தைக்கு அம்மா அப்பா இருவரின் அன்பும் கிடைக்க வேண்டும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், தொலைவில் இருப்பவர் குழந்தையோடு தொலைபேசியிலும் காணொளியிலும் பேசிக்கொள்வதை வலியுறுத்தியது. சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெற்றோருக்கு இது பெரிய ஆதாரம்.

திருவிழா நாட்களையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். நகரத்து வக்கீல் மாதிரிப் படிவத்தில் தீபாவளியும் பொங்கலும் மட்டும்தான் இருக்கும். செட்டிநாட்டுக் குடும்பத்தில் அது பத்தாது. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பு, குலதெய்வப் படைப்பு, தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, பங்காளி வீட்டுக் கல்யாணம் இதிலெல்லாம் பிள்ளை இருக்க வேண்டும் என்று இரு பக்கமும் ஆசைப்படும். அந்த ஆசை நியாயமானது. பிள்ளைக்கும் அது தன் சொந்த பந்தத்தை அறிகிற இடம். ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே என்று மாற்றி மாற்றி எழுதலாம். ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும், அதனால் விழாவின் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

தொகை கேட்கும்போதும் அப்படித்தான். மாதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், பள்ளிக் கட்டணம் தனியா அதற்குள் அடக்கமா, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூட வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கடைசியில் சொன்ன ஏற்றம் உத்தரவிலேயே இருந்தால் ஒவ்வொரு முறையும் மனுப் போடும் அலைச்சல் மிச்சம்.

மனுப் போட்ட பிறகு

மனுவுக்கு எண் ஆகும், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், அவர் எதிருரை தாக்கல் செய்வார். நடுவில் சமரச மையத்துக்கு அனுப்புவார்கள்; தட்டாமல் போங்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம். ஆனாலும் ஆவணங்கள் அதிகமுள்ள வழக்கில் வக்கீலோடு போவது நல்லது என்பது என் எண்ணம். அவசரம் என்றால், உதாரணமாகப் பள்ளிச் சேர்க்கை நெருங்குகிறது என்றால், இடைக்கால மனுவும் சேர்த்துப் போடுங்கள்.

விவரம் தெரிந்த வயதில் குழந்தை இருந்தால் நீதிபதி தனியே கூப்பிட்டுப் பேசுவார். முந்தின நாள் உட்காரவைத்து "ஐயா கேட்டால் இப்படிச் சொல்லு" என்று பாடம் நடத்தாதீர்கள். மனப்பாடம் செய்த பதில் நீதிபதிக்கு உடனே தெரிந்துவிடும். அதைவிட, பெற்றவர்களில் ஒருவருக்கு எதிராகச் சாட்சி சொல்லவைத்த பாரத்தைப் பிள்ளைதான் வெகு நாள் சுமக்கும். "அவர் கேட்டதற்கு உனக்குத் தோன்றியதைச் சொல்லு, அம்மாவும் கோபிக்கமாட்டேன், அப்பாவும் கோபிக்கமாட்டார்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

பெரியவர்கள் பேசி முடித்தால்?

நல்லதுதான். ஐயாவும் அம்மானும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு வந்தால் வழக்கின் கசப்பு பாதி குறைந்துவிடும். ஆனால் வீட்டு வளவில் உட்கார்ந்து வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதை நீதிமன்ற உத்தரவுக்கு நிகராக வைக்க முடியாது. "மாதம் 10,000 வேண்டாம், 6,000 போதும்" என்று பேசி வைத்துவிட்டு உத்தரவை மாற்றாமல் விட்டால், நாளைக்கு மிச்சம் 4,000-ஐயும் பாக்கி என்று கேட்க இடம் இருக்கிறது. பேசி முடித்த மறுவாரமே இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு, அதே நீதிமன்றத்தில் கூட்டாகத் தாக்கல் செய்து, உத்தரவாக வாங்கிவிடுங்கள். அப்போதும் ஏற்பாடு குழந்தைக்கு நல்லதா என்று நீதிபதி பார்ப்பார். ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு "இனி பிள்ளைக்கு எதுவும் கேட்கமாட்டேன்" என்று அம்மா எழுதிக் கொடுத்தாலும், பராமரிப்புக் கேட்கும் உரிமை குழந்தையுடையது; அதை அவரால் விட்டுக்கொடுத்துவிட முடியாது.

புது உத்தரவு வரும்வரை

"பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் கட்டவில்லை" என்பதும், "பணம் கட்டவில்லை, அதனால் பிள்ளையை அனுப்பவில்லை" என்பதும் நீதிமன்றத்தில் நிற்காது. இரண்டும் தனித்தனிக் கடமை. பணம் வரவில்லை என்றால் வசூல் மனுப் போடுங்கள். பிரிவு 144 (பழைய 125) உத்தரவு என்றால் தொகை கட்டவேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டாதவரை ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போய் வந்துவிட்டதால் பாக்கி தீர்ந்துவிடாது. பிள்ளையைக் காட்டவில்லை என்றால் தேதி, நேரம், நடந்தது எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்து, உத்தரவை நிறைவேற்றச் சொல்லி மனுப் போடுங்கள். வாசலில் நின்று சத்தம் போடுவது உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும்.

கட்ட முடியாத நிலை வந்தவர்கள் தாமதிக்கவே கூடாது. சேர்ந்துபோன பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றம் எளிதில் இசையாது. வேலை போன மாதமே குறைக்கச் சொல்லி மனுப் போட்டு, அதுவரை முடிந்ததைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

வெளிநாடு என்றால்

குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துப் போக வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும் முன் நீதிமன்ற அனுமதி வாங்குங்கள். குழந்தையைக் கடத்திச் செல்வது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்ட பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது நீண்ட போராட்டம். சிங்கப்பூர் நீதிமன்றமோ மலேசிய நீதிமன்றமோ பொறுப்பு உத்தரவு போட்டிருந்தாலும், குழந்தை இங்கே இருந்தால் நம் நீதிமன்றம் அந்த உத்தரவையும் கருத்தில் வைத்துக்கொண்டு குழந்தையின் நலனைத் தானே ஆராயும்.

செலவுக்கு வழி

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. மற்ற ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

உத்தரவு கைக்கு வந்ததும் சான்று நகல் இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் குழந்தையை யாரோடு அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். பணம் கட்டுகிறவராக இருந்தால் அன்றைக்கே வங்கிக்குப் போய், மாதா மாதம் தானாகப் போகிற மாதிரி ஏற்பாடு செய்துவிடுங்கள்.